மேற்கே சூலம்

எங்கள் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். திருமானூர் உரக்கடைக்காரர் ஒருவர் வருடா வருடம் இலவசமாகக் கொடுப்பது. மேலே தாமரையில் மகாலட்சுமி, அவருடைய காலடியில் மூன்று யூரியா மூட்டைகள். காலையில் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் சத்துணவு அமைப்பாளர் அக்கா அதன் எதிரே போய் நிற்பார். நேற்றைய தாளைக் கிழித்து மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு காலண்டரில் இடிக்கிற அளவுக்கு நெருங்கி இன்றைய தாளைப் படிப்பார்.

நான் அந்தப் பள்ளிக்குச் சமூக அறிவியல் ஆசிரியனாக மாற்றலாகி வந்த முதல் வாரம், நல்ல நேரம் பார்க்கிறார், பக்தியான பெண்மணி என்று முடிவு கட்டினேன். மனிதர்களைப் பற்றி முதல் வாரத்தில் நான் எடுக்கும் முடிவுகள் எல்லாமே தவறாகவே இருந்திருக்கின்றன. என் மனைவி என்னைப் பற்றி முதல் வாரத்தில் எடுத்த முடிவு மட்டும் இன்றுவரை சரியாக இருக்கிறது.

அக்கா தேடியது கெட்ட நேரத்தை. அஷ்டமி, நவமி, கரிநாள், ராகு காலம், எமகண்டம் என்று ஊரே எதைக் கண்டு ஒதுங்குமோ, அதற்குத்தான் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். ரேஷன் கடைக்கு அஷ்டமியில் போவார். வங்கிக்கு ராகு காலத்தில். அரியலூரில் ஒரு மனை வாங்கியபோது, கரிநாளாகப் பார்த்துப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். முகூர்த்த நாளில் வாசல் வரை கூட்டம் நிற்கிற இடத்தில் அன்றைக்கு ஈ காக்கை இல்லை. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து, அவர்களே வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்து, பத்திரத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டார். கோயிலுக்குக்கூட அப்படித்தான். கெட்ட நாளில் போனால் சாமி சும்மா உட்கார்ந்திருக்கும், சொல்வதை முழுசாகக் கேட்கும் என்பது அவர் கட்சி.

"நல்ல நாளு எல்லாருக்கும் சார். கெட்ட நாளு நமக்கு மட்டும்" என்பார்.

இதற்கு அவர் காட்டும் சான்றுகள் வலுவானவை. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தமும் பார்த்தார்களாம், பத்தும் பொருந்தியதாம். மாப்பிள்ளை வேலைக்குப் போவாரா என்பது பதினோராவது பொருத்தம், அதை யாரும் பார்க்கவில்லை. சத்துணவு வேலையில் சேரச் சொல்லி உத்தரவு வந்த நாளோ கரிநாள். மாமியார் மறுநாள் போகச் சொன்னார். மறுநாள் போனால் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று அக்கா அன்றைக்கே போய்க் கையெழுத்துப் போட்டார். நல்ல நாளில் வந்த கணவர் ஆறு வருடம் இருந்தார். கெட்ட நாளில் வந்த வேலை முப்பது வருடம் இருந்தது.

எனக்கு இந்த மாதிரி நம்பிக்கைகள் எந்தப் பக்கமும் கிடையாது. பைக் வாங்கியபோது எலுமிச்சம் பழத்தின் மேல் ஏற்றித்தான் எடுத்தேன். அது கடைக்காரர் மனம் புண்படக் கூடாது என்பதற்காக.

இனி, யானைக்கு வருகிறேன்.

ஒரு கோடை விடுமுறையில் எங்கள் தலைமையாசிரியர் குடும்பத்தோடு ஒரு தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். மரத்தாலான காட்டேஜ். காட்டேஜுக்குள் குளியல் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில் தலைமையாசிரியர். திறந்த ஜீப்பில் தொப்பி வைத்த அவர் மனைவி. ஒவ்வொரு படத்துக்கும் என்ன செலவானது என்பதையும் சொன்னார். செலவைச் சொல்லும்போது வருத்தப்படுவது போன்ற ஒரு முகம் வைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா, அதை மிகச் சரியாக வைத்துக்கொண்டார்.

அக்கா அப்போது ருசி பார்க்கும் தட்டோடு வந்து நின்றார். பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன் தலைமையாசிரியர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. தட்டை மேசையில் வைத்துவிட்டு அக்காவும் படங்களைப் பார்த்தார்.

"யானை எங்க சார்?"

"யானை வரலம்மா."

"புலி?"

"அது லேசுல வராது."

"அப்ப என்னதான் சார் பார்த்துட்டு வந்தீங்க?"

தலைமையாசிரியர் கொஞ்சம் யோசித்து, மறுபடி குளியல் தொட்டிக்குப் போனார்.

அன்று மாலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அக்கா என்னிடம் தேசியப் பூங்கா என்றால் என்ன என்று கேட்டார். அரசாங்கத்தின் பாதுகாக்கப்பட்ட காடு என்று பாடப் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன்.

"அரசாங்கத்துதுங்களா? அப்ப நம்மளுது."

அவ்வளவுதான். முதுமலை போவது என்று அந்த நிறுத்தத்திலேயே முடிவாகிவிட்டது. சமையலர் தனமும் உதவியாளர் ராசாத்தியும் வருவார்கள், நான் ஆண் துணையாகவும் ஆங்கிலத் துணையாகவும் வர வேண்டும். நான் எதற்குத் துணையானாலும் அது எங்கே போய் முடியும் என்று அக்காவுக்கு அப்போது தெரியாது.

செலவை விசாரித்தேன். காட்டுக்குள் போக ஆளுக்கு ஒரு கட்டணம், வண்டிக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. தங்குகிற இடங்கள் சனி ஞாயிறில் ஒரு விலை, மற்ற நாளில் ஒரு விலை, நாம் கேட்கிற நாளில் இரண்டையும் தாண்டி ஒரு விலை. போன வருடம் போனவர்கள் சொன்ன தொகையில் இந்த வருடம் மலையடிவாரம் வரைதான் போகலாம். சுற்றிப் பார்க்கும் வண்டிக்கு இணையத்தில் முன்பதிவு செய்யலாம் என்றார்கள். எங்கள் பள்ளியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். தொட்டியடியில் நின்று நான்கு பெயர், நான்கு வயது, நான்கு ஆதார் எண் என்று எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, போனுக்கு வர வேண்டிய ரகசிய எண்ணுக்காகக் காத்திருப்பேன். எண் வருவதற்குள் இடம் போய்விடும். மூன்று முறை இப்படி ஆனது. மூன்றாவது முறை அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க சார். கூட்டம் இல்லாத நாளாப் பார்த்து நேரா போயிடுவோம். நாளை நான் பார்க்கிறேன்."

பார்த்தார். அரையாண்டு விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை. மார்கழி மாதம், ஊரில் ஒரு நல்ல காரியமும் நடக்காது. நவமி. போதாக்குறைக்கு மேற்கே சூலம், அதாவது அன்றைக்கு மேற்குத் திசையில் பயணம் கூடாது. முதுமலை எங்களுக்கு மேற்கே இருக்கிறது. அக்கா மூன்று வட்டம் போட்டிருந்தார். அவருடைய முப்பது வருட அனுபவத்தில் இப்படி எல்லாக் கெடுதலும் கூடி வந்த நாள் அமைந்ததில்லை என்றார். காலண்டரில் சூலத்துக்குப் பக்கத்திலேயே பரிகாரம் வெல்லம் என்று போட்டிருக்கும். அதை அவர் கண்டுகொள்ளவில்லை. தனம் கண்டுகொண்டாள் என்பது பிறகு தெரிந்தது.

கிளம்பும் நாளில் மூவரும் ஒரே மாதிரி மஞ்சள் சேலை கட்டி வந்திருந்தார்கள். கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடக் கூடாது என்று கோயில் பயணங்களில் செய்வது. கூட்டமே இருக்காது என்றுதானே போகிறோம் என்று கேட்டேன். அது வேற, இது வேற என்றார் அக்கா. ஆளுக்கொரு அடுக்குச் சட்டியில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை வழக்கம்போல் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். பெரம்பலூரில் ஏறிய பஸ்ஸில் பாதி இருக்கை காலி. அக்கா ஆளுக்கு ஒரு ஜன்னல் பிடித்துக் கொடுத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துக் காலி இருக்கைகளைக் கண்ணால் காட்டினார். நாமக்கல் வரை அந்தப் பார்வை நிலைத்திருந்தது. ஈரோட்டில் இருக்கைகள் நிறைந்தன. மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி நின்றுகொண்டு போனோம். மலையில் பஸ்ஸும் நின்றது.

முன்னால் கார்கள். பின்னால் கார்கள். வளைவுக்கு மேல் வளைவாக, கண் எட்டுகிற வரை கார்கள். கர்நாடகா எண், கேரளா எண், இடையிடையே நம் எண். ஜன்னலில் சாய்ந்திருந்த தனம் வாயில் எதையோ ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா கேட்டதும் மெல்லத் திறந்து காட்டினாள். வெல்லம். பெரம்பலூரிலேயே போட்டுக்கொண்டாளாம்.

"நீ வெல்லம் தின்னதாலதான்டி கெட்ட நாளு கெட்டுப் போச்சு" என்றார் அக்கா.

உண்மை வேறு. மார்கழி எங்களுக்குத்தான் மார்கழி. மற்றவர்களுக்கு அது கிறிஸ்துமஸ் வாரம், வருடக் கடைசி, இருக்கிற விடுப்பையெல்லாம் தீர்க்கிற நேரம். வெள்ளிக்கிழமை கிளம்பினால் சனிக்கிழமை காட்டில் இருப்போம், பெங்களூரும் சனிக்கிழமைதான் காட்டில் இருக்கும். நவமிக்கும் சூலத்துக்கும் பெங்களூர் கட்டுப்பட்டதல்ல. எங்கள் உரக்கடைக்காரர் அங்கே காலண்டர் கொடுப்பதில்லை. இதை ஒரு சமூக அறிவியல் ஆசிரியர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அவர் தண்ணீர்த் தொட்டியடியில் ரகசிய எண்ணுக்குக் காத்திருந்தார்.

மறுநாள் காலை சுற்றிப் பார்க்கும் வண்டிக்கான வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு திருமண மண்டபத்துக்கான ஆட்கள் இருந்தார்கள். நாங்கள் பாதி தூரம் நகர்வதற்குள் டிக்கெட் முடிந்தது என்று பலகை வைத்துவிட்டார்கள். வரிசை கலைகிற இடத்தில் பச்சைத் தொப்பி போட்ட ஒரு ஜீப்காரர் நின்றிருந்தார். தனியார் ஜீப், வேறு பாதை, யானை நிச்சயம் என்றார். அக்கா விலை கேட்டார். சொன்னார்.

"இதுக்கு யானையை வூட்டுல கொண்டாந்து கட்டிட்டுப் போவீங்களா தம்பி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஜீப்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. மஞ்சள் சேலைகளை மேலிருந்து கீழே பார்த்தார், அடுக்குச் சட்டிகளைப் பார்த்தார்.

"கோயில் கோயிலா சுத்துற கூட்டமெல்லாம் இங்க எதுக்கும்மா வருது? இதெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது. போங்க."

எதற்கும் பதில் வைத்திருக்கிற அக்கா, சேலைத் தலைப்பை இழுத்து அடுக்குச் சட்டியை மூடினார். அப்படி அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை. வீரம் எனக்கு எப்போதும் பர்ஸ் வழியாகத்தான் வரும். நான் தருகிறேன், ஏறுங்கள் என்று அதை எடுத்தேன்.

"பையில வைங்க சார்" என்றார் அக்கா. "இன்னைக்கு நீங்க குடுப்பீங்க. நாளைக்கு இந்தத் தனம் அவ மகளைக் கூட்டியாந்தா யாரு குடுப்பா?"

பிறகு தனத்தையும் ராசாத்தியையும் பார்த்து, எனக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ரிட்டையர் ஆவறதுக்குள்ள இந்தக் காட்டுல யானையைப் பார்ப்பேன். ஜீப்புக்கு ஒத்த ரூவா குடுக்காம பார்ப்பேன்."

சாலையோரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குரங்கு ஒன்று என் வறுவலை எடுத்துக்கொண்டு போயிற்று. அந்தப் பயணத்தில் நாங்கள் நெருங்கிப் பார்த்த ஒரே வனவிலங்கு அதுதான், அதுவும் அவசரத்தில் இருந்தது.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர் விசாரித்தார். விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. ருசி பார்க்கும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, பக்கத்தில் கரைவெட்டி ஏரிக்கு எங்கெங்கிருந்தோ பறவையெல்லாம் வருகிறதே, செலவில்லாமல் அதைப் பார்த்தால் போதாதா, இந்த வயதில் எதற்கு இந்த அலைச்சல் என்று அன்பாகக் கேட்டார். அவர் அன்பாகக் கேட்கும்போதுதான் பயமாக இருக்கும்.

"அதை வருஷா வருஷம் பார்க்கிறேன் சார்" என்றார் அக்கா. "அந்தப் பறவை எவ்வளவு தூரம் பறந்து நம்ம ஊருக்கு வருது. அதை யாராச்சும் உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்னு கேட்டாங்களா?"

தலைமையாசிரியர் உப்பு சரியாக இருப்பதாகச் சொன்னார்.

ஆனால் நாள் குறைவாக இருந்தது. செப்டம்பர் கடைசியில் அக்காவுக்கு ஓய்வு. அடுத்த நாளே திருப்பூருக்குப் போக வேண்டும். மகளும் மருமகனும் பனியன் கம்பெனியில் வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. திருப்பூர் போய்விட்டால் பிறகு குழந்தை வளர்கிற வரை எங்கேயும் நகர முடியாது, அதற்குள் முட்டி நகர விடாது என்று கணக்காகச் சொன்னார். தனமும் ராசாத்தியும் அக்கா இல்லாமல் பெரம்பலூரைத் தாண்ட மாட்டார்கள். ஆக, இருப்பது ஒன்பது மாதம். அதிலும் பள்ளி நடக்கிற நாளில் மூவரும் ஒன்றாக நகர முடியாது, பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது? எங்களுக்கு விடுமுறையாக இருக்க வேண்டும், உலகத்துக்கு வேலை நாளாக இருக்க வேண்டும். கோடை விடுமுறையை அக்கா பேச்சிலேயே சேர்க்கவில்லை.

தோற்றதற்கு அவர் காலண்டரைக் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு காலண்டரைப் பார்த்ததுதான் தப்பு என்றார். அரியலூரில் பேக்கரி வைத்திருக்கும் மலையாளி ஒருவரிடம் போய், ஒரு பன்னை வாங்கிக்கொண்டு, அவர்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு எப்போதெல்லாம் விடுமுறை என்று கேட்டு வந்தார். ராசாத்தியின் மகன் பெங்களூரில் ஏசி மெக்கானிக். அவனுக்குப் போன் போட்டு, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் எப்போது ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள் என்று விசாரித்தார். தாயின் உடல்நிலை பற்றிப் பேசப் போகிறார்கள் என்று அவன் முதலில் பயந்துவிட்டான். வெள்ளி சாயந்தரம் கிளம்புவார்கள், ஞாயிறு மத்தியானம் திரும்பிவிடுவார்கள் என்று சொன்னான். கேரளாவுக்குப் பச்சை மை, பெங்களூருக்கு நீல மை. சிவப்பு பழையபடி நமக்கு. மகாலட்சுமியின் கீழே காலண்டர் தேர்தல் வரைபடம் போல ஆகிவிட்டது.

ஒரு நாள் காலை நான் வகுப்புக்குப் போகும் வழியில் கூப்பிட்டார். முகத்தில் ஏதோ வெளிச்சம்.

"சூலம் மேற்கே வெள்ளிக்கும் இருக்கு, ஞாயித்துக்கெழமைக்கும் இருக்கு சார். நான் வெள்ளியைப் புடிச்சேன், ஞாயிறை விட்டுட்டேன்."

ஞாயிறு கிளம்பினால் அவர்கள் இறங்குவார்கள், நாம் ஏறுவோம். திங்கள் காலை காடு காலி. திங்கள் நமக்கு விடுமுறையாக வேண்டுமே என்றேன். அதற்கும் விரல் வைத்தார். ஆடித் திருவாதிரை. கங்கைகொண்ட சோழபுரத்தில் விழா எடுப்பார்கள், அரியலூர் மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அந்த வருடம் அது திங்களில் வந்தது. பக்கத்தில் இருக்கிற பெரம்பலூருக்குக்கூட அன்றைக்குப் பள்ளி உண்டு. எங்கள் மாவட்டமே விழா பார்க்கக் கிழக்கே போகும். நாங்கள் நால்வர் மட்டும் மேற்கே. அந்த ஞாயிறு கரிநாள் வேறு.

மலைக்குப் போகிற தனி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், அரசு பஸ்ஸுக்கு வேண்டாம் என்பதையும் எங்கோ கேட்டு வைத்திருந்தார். அதற்குப் பிறகு சொன்னதுதான் முக்கியம். கூடலூரிலிருந்து மைசூருக்கு பஸ் போகிறது. போகிற சாலை காட்டுக்கு நடுவே போகிறது. ராத்திரி முழுக்க அந்தச் சாலையை மூடி வைத்திருப்பார்கள், காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள். ராத்திரி முழுக்க வண்டியே போகாத சாலையில் முதல் பஸ்.

"பஸ் டிக்கெட்டு விலைக்கு ஜன்னலோரம். ஜீப்பு எதுக்கு சார்?"

முப்பது வருடம் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே அரசு பஸ்ஸில் வந்து போனவருக்குத்தான் இது தோன்றும். இணையத்தில் எனக்கு இது கிடைக்கவில்லை. நான் தேடியது சரியான வார்த்தைகளை வைத்து.

அந்த ஞாயிறு அதே மஞ்சள் சேலைகள். இந்த முறை கூட்டம் இருக்காதே, பிறகு எதற்கு என்று கேட்டேன்.

"அந்த ஜீப்புக்காரன் சொன்னான்ல, அதுக்குத்தான்."

தனம் இந்த முறை வெல்லத்தை ஒளிக்கவில்லை. பொட்டலமாகவே கொண்டுவந்து நீட்டினாள். எடுத்து வை, டீக்கு ஆகும் என்றார் அக்கா. மலையடிவாரத்தை நெருங்கும்போது எதிர்த் திசையில் கார்கள் இறங்கிக்கொண்டிருந்தன, வளைவுக்கு மேல் வளைவாக, கண் எட்டுகிற வரை. ஏறுகிற பக்கம் எங்கள் பஸ்ஸும் இரண்டு காய்கறி லாரிகளும். மூன்று பெண்களும் ஜன்னல் வழியாகக் கையாட்டிக்கொண்டே வந்தார்கள். காரில் இருந்தவர்கள் எதற்கென்று தெரியாமல் பதிலுக்குக் கையாட்டினார்கள். கூடலூரில் அறை விலையை விடுதிக்காரரே குறைத்துச் சொன்னார். அக்கா கொள்கையளவில் இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

திங்கள் காலை சாரல். முதல் பஸ்ஸில் தினசரி போகிறவர்கள்தான் இருந்தார்கள். ஜன்னல் ஷட்டர்களையெல்லாம் இறக்கிவிட்டுத் தூங்க ஆரம்பித்தார்கள். எங்கள் மூன்று ஷட்டர் மட்டும் மேலே. மழை உள்ளே அடித்தது. நடத்துனர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மான் வந்தது. மயில் வந்தது. கருங்குரங்கு ஒன்று மரத்தில் குளிரில் குந்தியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனம் அக்காவைப் பார்ப்பாள். அக்கா காட்டைப் பார்ப்பார். ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. மூங்கில் புதர் ஒவ்வொன்றும் யானையாக ஆரம்பித்துப் புதராக முடிந்தது. காடு அப்படியே தீர்ந்து வயல் வந்துவிட்டது.

மறுகோடியில் ஒரு டீக்கடையில் இறங்கினோம். ராசாத்தி மெதுவாக, போதும்க்கா, மயில் பார்த்தோம்ல என்றாள். மயில் நம்ம ஊர்ச் சோளக் கொல்லையிலேயே இருக்கிறது என்றார் அக்கா. இனி ஒரே ஒரு பாதை, அதே பாதை, திரும்பும் பஸ். அதை விட்டால் ராத்திரிக்குள் பெரம்பலூர் பக்கம் போய்ச் சேர முடியாது, செவ்வாய்க்கிழமை சோறு இருக்கிறது. அக்கா வெல்ல டீயை முழுசாகக் குடித்தார். நான் குடிக்கவில்லை. யானைக்காக நான் வேண்டிக்கொள்ளவும் இல்லை, எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. திரும்பும் பஸ்ஸில் ஏறும்போது வலது காலை வைத்து ஏறினேன், அவ்வளவுதான்.

பெருந்தன்மையாக என் ஜன்னல் இருக்கையை ராசாத்திக்குக் கொடுத்துவிட்டு மறுபக்கம் உட்கார்ந்தேன். காட்டுக்குள் பாதி தூரம் வந்திருப்போம். பஸ் நின்றது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். அந்த நிசப்தத்தில் கிளை முறிகிற சத்தம் கேட்டது.

மூன்று மஞ்சள் முதுகுகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. ஒரு பெரிய யானை, ஒரு குட்டி, சாலை ஓரத்தில் நின்று மூங்கிலை வளைத்துக்கொண்டிருந்தன என்று பிறகு தெரிந்துகொண்டேன். பஸ்ஸில் மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்கள். எங்களுக்குச் சிமெண்ட் லாரி எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. அக்கா ஒரு கையால் தனத்தின் தோளைப் பிடித்திருந்தார். தனம் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

அப்போது பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. உள்ளே தொப்பிகள், கேமராக்கள். சாலை குறுகல், பஸ் முழுவதுமாக மறைத்துக்கொண்டிருந்தது. ஜீப் ஓட்டி வந்தவர் இறங்கி, பஸ்ஸின் ஓரமாக நடந்து வந்து, அக்கா நின்ற ஜன்னலுக்குக் கீழே நின்று, ஓட்டுநரை நோக்கிக் குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார்.

"அண்ணே, வண்டியைக் கொஞ்சம் முன்ன எடுங்கண்ணே. பார்ட்டி பார்க்கணும்ங்கிறாங்க."

அக்கா யானையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"கோயில் கூட்டம் பார்த்துக்கிட்டு இருக்கோம் தம்பி. முடிச்சுட்டுச் சொல்றோம். வரிசையில நில்லுங்க."

ஓட்டுநர் சிரித்தார். வண்டியை எடுக்கவில்லை. யானை அதன் வேலையை முடித்து, குட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும் வரை எடுக்கவில்லை. பஸ் நகர்ந்ததும் நான் அக்காவிடம், அவர் அந்தப் பச்சைத் தொப்பிக்காரர் இல்லையே, இவர் வேறு ஆள் என்று நியாயத்தைச் சொன்னேன்.

"தொழில் ஒண்ணுதானே சார்" என்றார். பிறகு கேட்டார், "நீங்க நல்லாப் பார்த்தீங்கள்ல?"

நான் எழுந்தபோது மூன்று சேலைகளுக்கு இடையில் ஒரு வால் தெரிந்தது. அது யானையுடையது என்றே இன்றும் நம்புகிறேன். நன்றாகப் பார்த்தேன் என்றேன்.

இப்போது அக்கா திருப்பூரில் இருக்கிறார். சத்துணவுக் கூடத்தில் புதிய அமைப்பாளர் வந்துவிட்டார், காலண்டரில் நல்ல நேரம் பார்க்கிறார், ரேஷன் கடை வரிசையைப் பற்றிப் புலம்புகிறார். ஆனால் நான் நினைத்துக்கொள்கிற அக்கா அந்தச் செவ்வாய்க்கிழமை மதியத்து அக்காதான். ருசி பார்க்கும் தட்டோடு வந்து மேசைக்கு எதிரில் நின்றார். தலைமையாசிரியர் விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார். படம் இருக்கிறதா என்றார். நான் போனை நீட்டினேன். பஸ்ஸுக்குள் எடுத்த ஒரே படம். மூன்று மஞ்சள் முதுகுகள், மூன்று கொண்டைகள், மேலே ஏற்றிவிட்ட ஷட்டர்.

அவர் பெரிதாக்கிப் பார்த்தார். ஓரத்துக்கு ஓரம் தள்ளிப் பார்த்தார்.

"யானை எங்கம்மா?"

"நாங்க மறைச்சுக்கிட்டு நிக்கிறோம்ல சார்" என்றார் அக்கா. தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினார். "சாம்பார் ஆறுது. உப்பு பார்த்துச் சொல்லுங்க."